கைம்பெண்ணும் நடுவரும் நம் நாடும்

(பொதுக்காலம் 29-ஆம் ஞாயிறு, 19.10.2025. வானொலியில் வழங்கிய மறையுரை. வாசகங்கள்: விடுதலைப் பயணம் 17:8-13, 2 திமொத்தேயு 3:14 - 4:2, லூக்கா 18:1-8)

 

இன்றைய நற்செய்தியில் இயேசு ஓர் உவமை சொல்கிறார். ஒரு நகரில் ஒரு நடுவர். அவருக்குக் கடவுள் பயமும் இல்லை, மனிதர் மேல் மதிப்பும் இல்லை. அதே நகரில் ஒரு கைம்பெண். அவர் அந்த நடுவரிடம் திரும்பத் திரும்பப் போகிறார். நடுவர் பல நாள் கண்டுகொள்ளவில்லை. கடைசியில், இந்த அம்மாவின் தொல்லை தாங்கவில்லை என்று நீதி வழங்க முடிவு செய்கிறார்.

இந்த உவமையை நாம் வழக்கமாகச் செபத்தைப் பற்றிய உவமையாக எடுத்துக்கொள்கிறோம். அது சரிதான். மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதற்காகவே இயேசு இதைச் சொன்னார் என்று லூக்கா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் அந்தக் கைம்பெண் கேட்டது என்ன என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் பிச்சை கேட்கவில்லை, உதவித்தொகை கேட்கவில்லை. அவர் கேட்டது நீதி. அன்றைய சமுதாயத்தில் கைம்பெண்ணுக்காக மன்றத்தில் பேச ஆள் கிடையாது. கணவர் இல்லை. மாமன் மச்சான் துணை இருந்ததாகவும் இயேசு சொல்லவில்லை. அவரிடம் இருந்தது தன் இரண்டு கால்களும் தன் குரலும் மட்டும்தான்.

இந்த உவமையை இன்று நம் நாட்டோடு சேர்த்துச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன். அதற்குக் காரணம் இந்த வாரம் வந்த ஒரு செய்தி.

சென்ற செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 14 அன்று, ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் மன்றத்துக்கு இந்தியா மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2026 முதல் 2028 வரை மூன்று ஆண்டுகள் நம் நாடு அங்கே உறுப்பினராக இருக்கும். இது ஏழாவது முறை. 2006-இல் அந்த மன்றம் உருவானபோதே இந்தியா அதில் இடம்பெற்றது. தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் இந்த ஆண்டு வெளியே இருந்துவிட்டு, வருகிற சனவரியில் மறுபடி உள்ளே போகிறோம்.

'சாமி, ஜெனீவாவில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்த மன்றம் என்னவென்று முதலில் எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 47 நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஆசிய பசிபிக் நாடுகளுக்கு 13 இடங்கள். அது நீதிமன்றம் அல்ல. யாரையும் சிறையில் அடைக்க அதனால் முடியாது. படையோ போலீசோ அதற்குக் கிடையாது. ஆனால் ஒரு நாட்டில் மக்கள் வதைக்கப்பட்டால், ஏன் என்று கேட்கலாம். விசாரிக்க ஆள் நியமிக்கலாம். சாட்சிகளையும் சான்றுகளையும் சேர்த்து வைக்கச் சொல்லலாம். நாலரை ஆண்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உன் வீட்டுக் கணக்கைக் காட்டு என்று கேட்கலாம். உள்ளூரில் எல்லாக் கதவும் சாத்தப்பட்ட கைம்பெண் போய்த் தட்டுவதற்கு இருக்கிற கடைசிக் கதவுகளில் அதுவும் ஒன்று. அந்த மன்றத்தில் இடம் கிடைப்பது கௌரவம் என்கிறார்கள். அது நடுவரின் நாற்காலி. இந்த முறை நம் பகுதிக்கு இருந்த நான்கு இடங்களுக்கு நான்கு நாடுகள்தான் போட்டியிட்டன. ஆகவே கிடைத்ததில் பெரிய வியப்பு இல்லை. கிடைத்ததை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1946. இந்தியா இன்னும் விடுதலை பெறவில்லை. ஐக்கிய நாடுகள் சபை பிறந்து ஓராண்டுதான் ஆகிறது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று அந்த நாட்டு அரசு சட்டம் போட்டது. அந்த இந்தியர்கள் யார்? 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் பெரும்பகுதி. நம் தமிழ் மக்கள். இந்தியா அந்த வழக்கை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் எழுந்து நின்று வாதாடினார். தென்னாப்பிரிக்கா என்ன பதில் சொன்னது? 'இது எங்கள் உள்விவகாரம். வெளியார் தலையிட உரிமை இல்லை.' அதற்கு இந்தியா சொன்ன பதிலின் சாரம் இது: மனிதனை மனிதன் இழிவுபடுத்துவது எந்த நாட்டுக்கும் உள்விவகாரம் ஆகாது. வாக்கெடுப்பு நடந்தது. 32 நாடுகள் இந்தியாவின் பக்கம். 15 எதிர்ப்பு. 7 நாடுகள் ஒதுங்கின. அது நடந்த நாள் டிசம்பர் 8, நாம் அமல உற்பவ அன்னையின் பெருவிழாவைக் கொண்டாடும் நாள். அடிமைப்பட்டிருந்த ஒரு நாடு, கடல் கடந்த ஏழைத் தொழிலாளிக்காக உலகத்தின் கதவைத் தட்டியது. அன்று இந்தியா அந்தக் கைம்பெண்ணின் இடத்தில் நின்றது.

அடுத்து, உலக மனித உரிமைப் பிரகடனம். அதை எழுதிய ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இருந்தவர் குஜராத்தைச் சேர்ந்த ஹன்சா மேத்தா அம்மையார். பதினெட்டுப் பேர் கொண்ட அந்த ஆணையத்தில், தலைவராக இருந்த எலினோர் ரூஸ்வெல்ட்டைத் தவிர, அவர் ஒருவர்தான் பெண் பிரதிநிதி. பிரகடனத்தின் முதல் விதியில், ஆண்கள் எல்லாரும் சமமாகப் பிறக்கிறார்கள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் முதலில் இருந்தது. 'அந்தச் சொல்லில் பெண்களையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்' என்றார்கள். ஹன்சா மேத்தா ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு ஒருவர் அதையே சாக்காக வைத்துப் பெண்ணை வெளியே தள்ளிவிடுவார் என்றார். அவருடைய வற்புறுத்தலால்தான் 'மனிதர் அனைவரும்' என்ற சொல் அங்கே வந்தது. தொடக்கநூலின் முதல் அதிகாரம் நமக்குச் சொல்வதும் இதைத்தானே? கடவுள் தம் சாயலில் மனிதரைப் படைத்தார், ஆணும் பெண்ணுமாகப் படைத்தார்.

அந்தப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று பாரீசில் நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 8 நாடுகள் மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவர்களில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. அந்த நாட்களில் பாரீசில் திருத்தந்தையின் தூதுவராக இருந்தவர் ரொன்கால்லி ஆண்டகை. அவர்தான் பிற்காலத்தில் திருத்தந்தை புனித 23-ஆம் யோவான். 1963-இல் அவர் எழுதிய 'அவனியில் அமைதி' என்ற சுற்றுமடலில் மனிதருடைய உரிமைகளையும் கடமைகளையும் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார். இந்த உரிமைகள் அரசு கொடுத்தவை அல்ல, மனிதர் என்ற தன்மையிலேயே இருப்பவை, ஆகவே யாரும் பறிக்க முடியாதவை என்கிறார். பாரீசுப் பிரகடனத்தை மிக முக்கியமான செயல் என்று பாராட்டுகிறார். ஆகவே, மனித உரிமை என்பது அரசியல்வாதிகள் பேச வேண்டிய விஷயம், கோயிலில் பேசக் கூடாது என்று யாராவது சொன்னால், திருச்சபையின் போதனை அப்படிச் சொல்லவில்லை என்று தாழ்மையோடு பதில் சொல்லுங்கள்.

புதுச்சேரிக்காரர்களான நாம் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாரீசில் அந்தப் பிரகடனம் நிறைவேறியபோது நம் ஊர் பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், 1936 சூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட நம் ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களில் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கல்லில் செதுக்கி வைத்த அரசின் கீழேதான் அது நடந்தது. அந்த இரத்தத்தின் குரல் கடல் தாண்டிப் பாரீசு வரை போனது. மறு ஆண்டே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. எந்த நாடும் மேடையில் பேசுவது ஒன்று, வாசலில் செய்வது வேறொன்று என்று ஆகிவிடலாம். வெளியே இருப்பவர் காதில் விழுந்தால்தான் உள்ளே இருப்பவர் கொஞ்சம் இறங்கி வருவார். உவமையில் வரும் நடுவர் இறங்கி வந்ததும் அப்படித்தான்.

இனி, சொல்லக் கொஞ்சம் கடினமான பகுதிக்கு வருகிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

2009 மே மாதம் ஈழத்தில் போர் முடிந்தது. அந்த மாதமே 27-ஆம் நாள் ஜெனீவாவில் சிறப்புக் கூட்டம் நடந்தது. இலங்கை அரசைப் பாராட்டுகிற விதத்தில் ஒரு தீர்மானம் வந்தது. 29 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் ஆதரித்தது. பிறகு 2012-இலும் 2013-இலும் பொறுப்புக்கூறலைக் கேட்கும் தீர்மானங்கள் வந்தபோது, இந்தியா அவற்றுக்கு ஆதரவாக வாக்களித்தது. தமிழ்நாட்டு மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதும் அதற்கு ஒரு காரணம். 2014-இல் பன்னாட்டு விசாரணை என்று வந்தவுடன் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. வெளியிலிருந்து ஊடுருவும் விசாரணை ஒரு நாட்டின் இறையாண்மையைக் குறைக்கும் என்று விளக்கம் சொன்னது. 2021-இலும் 2022-இலும் மறுபடி ஒதுங்கியது. 2022-இல் ஆதரவு 20, எதிர்ப்பு 7, ஒதுங்கியவை 20. செய்தித்தாள்கள் இதை 'நடுநிலை வகித்தது' என்று எழுதுகின்றன.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், நம் அரசு தன் தரப்பைச் சொல்லாமல் இல்லை. இலங்கைத் தமிழர் சமத்துவத்தோடும் நீதியோடும் மாண்போடும் வாழ வேண்டும், பதின்மூன்றாவது சட்டத்திருத்தத்தை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் வருகிறது. பக்கத்து நாட்டைப் பகைத்துக்கொண்டால் அந்த இடத்தில் வேறொரு வல்லரசு வந்து உட்காரும் என்ற கவலை இருக்கிறது. நம் மீனவர் பிரச்சினையும் பேசித் தீர்க்க வேண்டியதாக இருக்கிறது. இவையெல்லாம் உண்மையான கவலைகள். முன்மதி என்பது ஒரு நற்பண்பு என்று திருச்சபையே கற்பிக்கிறது. ஆனால் முன்மதி என்றால், நன்மையை எந்த வழியில் செய்வது என்று தேர்ந்தெடுப்பது. நன்மையைச் செய்யாமல் விடுவதற்கு அது காரணமாக முடியாது.

அந்தக் கரையிலிருந்து ஒரு குரலை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 சனவரியில் அவர் இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழு முன் போனார். அரசு அலுவலகங்களின் பதிவுகளை வைத்தே ஒரு கணக்குக் காட்டினார். போருக்கு முன் வன்னியில் இருந்தவர்கள் இத்தனை பேர், போர் முடிந்து வெளியே வந்தவர்கள் இத்தனை பேர், இடையில் கணக்கில் வராதவர்கள் 1,46,679 பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். குற்றம் சாட்டி முழக்கமிடவில்லை. ஓர் ஆயன் தன் மந்தையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்விக்கு மனம் ஆறும்படி பதில் கிடைக்காமலேயே 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று, அவர் இறைவனடி சேர்ந்தார். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னால்தான் ஜெனீவாவில் நம் நாடு வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தது.

2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும், தொடர்ந்து வடக்கு கிழக்கின் மற்ற ஊர்களிலும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு தாய்மார்கள் போராடி வருகிறார்கள். எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களில் பலர் பதில் தெரியாமலேயே இறந்துபோனார்கள். நற்செய்தியில் வரும் கைம்பெண் எப்படி இருந்திருப்பார் என்று யாராவது கேட்டால், அந்தத் தாய்மார்களைக் காட்டலாம். நம் காலாப்பட்டைத் தாண்டிப் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்து மக்களின் முகாம் இருக்கிறது. நாம் பேருந்தில் கடந்துபோகிற இடம்தான். அங்கிருக்கும் பாட்டிமாரிடம் கேளுங்கள், ஜெனீவா என்ற பெயர் அவர்களுக்குத் தெரியும்.

1946-இல் 'உள்விவகாரம்' என்ற சொல்லை எதிர்த்து வாதாடிய நாடு, 2014-இல் அதே சொல்லின் நிழலில் ஒதுங்கி நின்றது. இதுதான் என் வருத்தம். ஒதுங்கி நிற்கும் கைக்கும் ஓர் எடை உண்டு. முதல் வாசகத்தில் மோசேயின் கை உயர்ந்திருந்தபோது இஸ்ரயேல் வென்றது. கை தளர்ந்தபோது எதிரி வென்றான். தளர்ந்த கை யாரையும் அடிக்கவில்லை. இருந்தாலும் கீழே பள்ளத்தாக்கில் நின்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஏன் நம் நாட்டின் கை தளர்கிறது? ஒரு காரணம், நம் வீட்டுக் கணக்கையும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம். அதையும் மறைக்காமல் பேசுவோம்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்ட நாள் 1997 அக்டோபர் 14. இந்த வாரம் தேர்தலில் வென்ற அதே தேதி. சரியாக 28 ஆண்டுகள் ஆகின்றன. கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை. இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். நம் பங்கு வழக்கத்தில் சொன்னால், மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது, மணமகன் இன்னும் பீடத்துக்கு முன் வரவில்லை. சட்டத்தால் கட்டுப்பட அந்த இரண்டாவது படி வேண்டும். 2010-இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தெரிவுக் குழுவுக்குப் போய், கடைசியில் காலாவதி ஆனது. 2017-இல் நம் நாட்டின் சட்ட ஆணையமே தன் 273-ஆவது அறிக்கையில், இதை உறுதிப்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. 2008, 2012, 2017, 2022 என்று நான்கு முறை ஜெனீவாவில் இந்தியாவின் கணக்கு பார்க்கப்பட்டபோதும் மற்ற நாடுகள் இதைக் கேட்டன. பரிசீலிக்கிறோம் என்பது போன்ற பதில்தான் கிடைத்தது. இதற்கிடையில் 2020 சூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீசு காவலில் அனுபவித்ததை நாடே அறியும். வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையிலும் இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது. அதையும் உறுதிப்படுத்தவில்லை. இலங்கைகூட 2016-இல் அதை உறுதிப்படுத்திவிட்டது என்பதை நாம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2001-இல் டர்பனில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான உலக மாநாடு நடந்தது. தலித் மக்கள் சாதிக் கொடுமையையும் அங்கே பேச வேண்டும் என்று கேட்டார்கள். இந்திய அரசு மறுத்தது. சாதி இனம் அல்ல, எங்கள் அரசியல் சாசனமே அதைப் பார்த்துக்கொள்கிறது என்றது. மறுபடியும் அதே சொல்தான், உள்விவகாரம்.

இங்கே நம் கையையும் நெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உண்டு. அந்நாளைய சம்பாக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒரு சுவர் இருந்தது. அந்த மக்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உம் பிள்ளைகள்தானே என்று முறையிட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் சொன்னார். உடனே மற்றவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். 280 ஆண்டுகள் ஆகிவிட்டன. கோயிலுக்குள் சுவர் இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்திலும், தேர் இழுக்கும் வரிசையிலும், பெண் எடுக்கும் பேச்சிலும் சுவர் இல்லை என்று தமிழகத் திருச்சபை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? கேட்டால், 'சாமி, இது எங்க ஊர் வழக்கம், நீங்க தலையிடாதீங்க' என்பார்கள். மனைவியை அடிக்கிறவனைக் கேட்டால், 'இது எங்க குடும்ப விஷயம்' என்பான். தென்னாப்பிரிக்கா சொன்னதும் இதுதான். கொழும்பு சொல்வதும் இதுதான். தில்லி சில நேரம் சொல்வதும் இதுதான். உன் சகோதரன் எங்கே என்று கடவுள் கேட்டபோது காயின் சொன்ன பதிலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆண்டவர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. மண்ணிலிருந்து எழுந்த ஆபேலின் இரத்தத்துக்கு அவர் செவிகொடுத்தார். சிந்தப்பட்ட இரத்தம் கடவுளுக்கு உள்விவகாரம் அல்ல.

சகோதர சகோதரிகளே, இதைக் கேட்டு நம் நாட்டை வெறுக்க வேண்டாம். மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் கூரும் அவரைத் திட்டவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, கதிரவன் மறையும்வரை கையைத் தாங்கிப் பிடித்தார்கள். குடிமக்களாகிய நம் வேலை அதுதான். நாட்டின் கை நீதியின் பக்கம் உயர்ந்திருக்கும்படி தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கேளுங்கள். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். இருவருக்கும் கடிதம் எழுதுங்கள். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை உறுதிப்படுத்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசுங்கள் என்று கேளுங்கள். இதில் கட்சி கிடையாது. 1997-இலிருந்து தில்லியில் எத்தனையோ அரசுகள் மாறின, யாரும் செய்யவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் வராது. அந்தக் கைம்பெண்ணுக்கும் முதல் நாள் பதில் வரவில்லை.

இரண்டாவது, போய்ப் பாருங்கள். முகாமில் இருப்பவர்களை அரிசிப் பையோடு மட்டும் பார்க்கப் போகாதீர்கள். உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேளுங்கள். வின்சென்ட் தே பால் சபையினரும் இளைஞர் இயக்கத்தினரும் இதை முன்னெடுக்கலாம். நீதி கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவது கேட்கிற காது.

மூன்றாவது, நம் வீட்டில் தொடங்குங்கள். வருகிற டிசம்பர் 10 மனித உரிமை நாள், திருவருகைக் காலத்தில் வருகிறது. அந்த வாரம் ஒவ்வோர் அன்பியத்திலும் பிரகடனத்தின் முப்பது விதிகளையும் தமிழில் வாசியுங்கள். ஒவ்வொரு விதிக்கும் நம் தெருவில் என்ன நிலை என்று பேசுங்கள். குடிலுக்கு வைக்கோல் சேர்ப்பதைப் போல இதுவும் கிறிஸ்து பிறப்புக்கான தயாரிப்புதான். ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைத்தானே நாம் அந்தக் குடிலில் வைத்து வணங்குகிறோம்?

இரண்டாம் வாசகத்தில் பவுலடியார், வாய்ப்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வார்த்தையை அறிவி என்று திமொத்தேயுவைத் தூண்டுகிறார். சனவரியில் நம் நாட்டுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. மூன்று ஆண்டு. எத்தனையோ கைம்பெண்கள் அந்த மேசைக்கு முன் வந்து நிற்பார்கள். ஈழத்திலிருந்தும் வருவார்கள், காசாவிலிருந்தும் மியான்மாரிலிருந்தும் வருவார்கள். நம் மண்ணிலிருந்தும் வருவார்கள். கடவுளுக்கு அஞ்சாத நடுவரே கடைசியில் நீதி செய்தார் என்றால், கடவுளுக்கு அஞ்சும் மக்கள் இத்தனை கோடிப் பேர் வாழும் நாடு அதைவிட நன்றாகச் செய்ய வேண்டாமா?

இயேசு உவமையை ஒரு கேள்வியோடு முடிக்கிறார். மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா என்கிறார். நீதி கிடைக்கும் என்று நம்பி மறுபடி மறுபடி வாசலுக்குப் போகிற அந்த அம்மாவின் நம்பிக்கையைத்தான் அவர் தேடுகிறார் என்று நினைக்கிறேன். அந்த நம்பிக்கையைக் கிளிநொச்சியில் நிச்சயம் காண்பார். நம்மிடமும் காண வேண்டும்.

செபிப்போம். நீதியின் இறைவா, எங்கள் நாட்டை ஆள்பவர்களுக்கும், எங்கள் பெயரால் உலக மன்றத்தில் அமர்பவர்களுக்கும் ஞானத்தையும் துணிவையும் தாரும். காணாமல் போன தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்கு உண்மையைத் தாரும். காவல் நிலையங்களிலும் சிறைகளிலும் வதைபடுவோரைக் காத்தருளும். உள்விவகாரம் என்று நாங்கள் எழுப்பிய சுவர்களை இடித்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.